குசினி வேலைக்கு வந்திருக்கும் தம்பிக்கு: மாடு, குதிரை, முயல் பற்றி

தம்பி, பேர்ன் பக்கம் ஒரு உணவகக் குசினியில் வேலை கிடைத்திருக்கிறது, மாட்டிறைச்சியோடு குதிரை இறைச்சியையும் துண்டுபோடச் சொல்கிறார்கள், நான் சைவ வீட்டுப் பிள்ளை, தொடலாமா, மாட்டேன் என்றால் வேலை போய்விடுமா, இதெல்லாம் பாவமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகை, காப்புறுதி, டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் காப்புறுதிக்கும் உங்கள் கெமைண்டேயில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், விசாரியுங்கள், ஆளுக்கு ஆள் மாறும் விஷயம். டொச் வகுப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இறைச்சிக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் சுவிசுக்கு வந்திறங்கிய எங்களில் பெரும்பாலானவர்கள் முதலில் போய் நின்ற இடம் குசினிதான்.

கோப்பை கழுவுவதில்தான் தொடங்கினோம். ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் அம்மா மச்சச் சட்டியைக் கையாலும் தொடமாட்டா. இங்கே வெள்ளி இரவில்தான் கடை நிறையும். தட்டுகளில் உறைந்து கிடக்கும் மாட்டுக் கொழுப்பு வெந்நீர் பட்டதும் இளகி முழங்கை வரை வழியும். எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அந்த மணம் அறை வரைக்கும் கூட வரும். எங்கள் அறையில் ஒரு பெடியன் வேலை முடிந்து வந்து தலைமுழுகி, திருநீறு பூசிய பிறகுதான் சோற்றில் கை வைப்பான். அவனை யாரும் பகிடி பண்ணியதில்லை. தனக்குச் சரியென்று பட்டதை அவன் செய்தான், மற்றவனுடைய கோப்பையை எட்டிப் பார்க்கவில்லை. நான் பார்த்த அளவில் ஒழுங்கான சைவக்காரன் அவன்தான்.

உங்கள் வேலைக்கு வருவோம். தொழிலுக்காகத் தொடுவது வேறு, விரும்பித் தின்பது வேறு. இதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் பேசாமல் இழுத்தடிக்காதீர்கள். முதல் நாளே பொறுப்பாளரிடம் நேரே சொல்லுங்கள்: “வெட்டுவேன், கழுவுவேன், சாப்பிடமாட்டேன்.” அல்லது, “இதைத் தொட என்னால் முடியாது.” நேர்மையாகச் சொன்னால் இந்த ஆட்கள் மதிப்பார்கள். தொடவே முடியாது என்பவருக்கு வேறு குசினிகளும் உண்டு. சூரிச்சில் ஹில்ட்ல் என்ற சைவ உணவகம் 1898 முதல் நடக்கிறது, இப்போது எந்த நகரத்திலும் அப்படியான இடங்கள் இருக்கின்றன.

செய்யக்கூடாத ஒன்று, “எனக்கு அலர்ஜி” என்று பொய் சொல்வது. எங்கள் ஆட்கள் பலர் இதைச் செய்து மற்றவர்களின் பெயரையும் கெடுத்தார்கள். குசினியில் அலர்ஜி என்றால் உயிர்ப் பிரச்சினை. தனிப் பலகை, தனிக் கத்தி, தனிச் சட்டி என்று எல்லாரும் உங்களுக்காக மெனக்கெடுவார்கள். பிறகு அதே ஆள் கோயில் திருவிழாவுக்கு வெளியே நின்று மாட்டிறைச்சி ரோல் கடிப்பதை யாராவது கண்டால் அடுத்த தமிழனை நம்புவார்களா? மாடு தின்பது தின்பவரின் விருப்பம். ஒளித்துத் தின்றுவிட்டு, தின்கிற இன்னொருவனின் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது அதைக் குறையாகச் சொல்லுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

குதிரை விஷயத்தில் அருவருப்புப் படாதீர்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் இங்கேயும் அது பழைய உணவு. நத்தாருக்குப் பல வீடுகளில் வைக்கும் ஃபொண்டு சினோஸ், அதாவது மெல்லிய இறைச்சித் துண்டுகளைக் கொதிக்கும் சாற்றில் தோய்த்துத் தின்பது, அதன் தட்டில் மாட்டோடு சில நேரம் குதிரைத் துண்டும் இருக்கும். இதே குதிரைதான் 2013இல் மாட்டிறைச்சி என்ற பெயரில் லசான்யாவுக்குள் போனது தெரியவந்தபோது இங்கிலாந்தே கொதித்தது. என்னோடு வேலை செய்த ஒரு சமையற்காரர் யூரா மாநிலத்தவர். அவருடைய தகப்பன் ஃபிரான்ஷ் மொந்தாஞ் குதிரைகள் வளர்த்தவர். வண்டி இழுக்கவும் காட்டில் மரம் இழுக்கவும் இருந்த இனம் அது. 1897இல் தொடங்கிய செய்ன்லெஜியே குதிரைச் சந்தை இப்போதும் ஒகஸ்டில் நடக்கிறது. உழவுக்கு ட்ராக்டர் வந்தபின் பிறக்கும் குட்டிகளில் ஒரு பங்கு இறைச்சிக்குப் போகிறது. “தின்ன ஆளில்லாவிட்டால் வளர்க்கவும் ஆளிருக்காது” என்பார் அவர். அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் தாய்க்குதிரை ஒவ்வொன்றின் பெயரும் அவருக்குத் தெரியும். கடல் கடந்து பெட்டியில் வரும் குதிரை இறைச்சிக்குப் பின்னால் அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. அதனால் குதிரையோ மாடோ, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எந்த நாட்டு இறைச்சி என்று சொல்ல வேண்டியது இங்கே உணவகத்தின் சட்டக் கடமை.

எங்கள் ஆட்கள் “சீ, குதிரை தின்கிறவன்கள்” என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வன்னியில் உடும்பு இறைச்சிக்கு அலைந்து திரிந்தவர்களை எனக்குத் தெரியும். கரையோரத்தில் ஆமை இறைச்சி சட்டவிரோதம் என்று தெரிந்தும் வாங்கியவர்கள் இருந்தார்கள். மான், மரை, காட்டுப்பன்றி என்றால் விருந்து. அதே ஆள் இங்கே முயல் கறியைக் கண்டு முகம் சுளிப்பார். சுவிஸ்காரரும் அப்படித்தான். மாடு சாப்பிடாததற்காக உங்களைச் சீண்டும் வேலைத்தோழரிடம் பூனை இறைச்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள், எழும்பிப் போய்விடுவார். இத்தனைக்கும் சுவிசில் நாய், பூனை இறைச்சியை விற்கத்தான் தடை. ஒருவர் தன் வீட்டில் தின்பதை நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. எந்த மிருகம் என்பதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை வைத்து ஆளை அளப்பது பிழை.

பாவமா என்று கேட்டீர்கள். எமென்டால் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக்கு இலையுதிர் காலத்தில் பன்றி வெட்டும் நாளுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். பன்றி முற்றத்துக்கு வந்ததும் எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். விவசாயி அதன் கழுத்தில் கையை வைத்து, அது அடங்கும் வரைக்கும் ஏதோ மெதுவாகக் கதைத்தபடியே நின்றார். பிறகு துப்பாக்கியால் நெற்றியில் ஒரு அடி. அது நினைவிழந்து விழுந்த பிறகுதான் கத்தி. இரத்தத்தைக் கிண்டிக்கொண்டிருந்த கிழவி ஒரு சொட்டையும் சிந்தவிடவில்லை. ஈரல், காது, குடல் எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கொல்வது சரியா என்பதற்கு அது விடை ஆகாது. என்றாலும், நெகிழித்தாளில் சுற்றிய கோழி நெஞ்சை மலிவு விலைக்கு அள்ளிக்கொண்டு வந்து பாதியைக் குப்பையில் போடுகிற எங்கள் கொண்டாட்டங்களைவிட அங்கே உயிருக்கு மதிப்பு இருந்தது. பண்ணை மிருகங்களுக்கு இன்னும் நல்ல வாழ்க்கை வேண்டும் என்று 2022 செப்டெம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது 62.9 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். நான் ஆம் என்று போட்டேன், இன்றும் அதேதான்.

இன்னொரு எச்சரிக்கை, இது விளையாட்டல்ல. யாராவது “விவசாயியிடம் ஆடு வாங்கி நாங்களே அறுத்துப் பங்கு போடுவோம்” என்று கூப்பிட்டால் போகாதீர்கள். ஊர் வேள்விப் பங்கு மாதிரி ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டை மயக்காமல் அறுப்பது இங்கே குற்றம். குற்றப்பதிவு விழுந்தால் உங்கள் வதிவிட அனுமதியில் வந்து நிற்கும். 1893இல் சுவிஸ் மக்கள் தாங்களே முன்மொழிந்து வாக்களித்த முதல் சட்டமே இதுதான். மிருக இரக்கத்தோடு யூதர்கள் மேலிருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அதனால்தான் வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஆடறுத்தான் என்றால் செய்தி பெரிதாகும். ஆட்டை இறைச்சிக்கடைக்காரரிடம் சொல்லி வெட்டுவித்து, எலும்போடு சிறு துண்டாகக் கேளுங்கள், தருவார்கள். சிங்க இறாலையும் 2018 மார்ச் முதல் உயிரோடு கொதிநீரில் போட முடியாது, முதலில் மின்சாரத்தால் மயக்க வேண்டும் அல்லது மூளையை அழிக்க வேண்டும். குசினியில் உங்களை யாராவது அவசரப்படுத்தினாலும் செய்யாதீர்கள்.

முழுச் சைவம் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். செர்வலா தொத்திறைச்சியில் மாடும் பன்றியும் சேர்ந்தே இருக்கும். கிரூயேர் பாற்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால்தான் உறைய வைக்கிறார்கள். பழுப்பு நிறச் சோஸ் என்றால் எலும்பைக் காய்ச்சி எடுத்தது. “இறைச்சி இல்லை” என்று பரிமாறுபவர் சொன்னால் மேலே மிதக்கும் துண்டு இல்லை என்றுதான் பல நேரம் அர்த்தம்.

செப்டெம்பர் பிறந்தால் காட்டிறைச்சிக் காலம். கிரௌபுண்டன் மலையிலிருந்து வேட்டைக்காரர்களின் மான் வரும், மலையாடு வரும், சில கடைகளுக்கு மார்மொட் என்ற மலை அணில் இனம் கூட வரும். பக்கத்தில் சிவப்புக் கோவா, கஸ்தானியங்கொட்டை, ஷ்பெட்ஸ்லி என்ற மாவுத் துண்டுகள். மான் முதுகின் வெள்ளிச் சவ்வை இறைச்சி கிழியாமல் ஒரே இழுப்பில் உரிக்க எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு கிழட்டுத் தலைமைச் சமையற்காரர். வேகமாகக் கதைப்பார், எனக்குப் பாதி விளங்காது, கையைப் பார்த்தே படித்தேன். அவர் ஓய்வு பெற்றபின் அந்த வேலையை என்னிடம்தான் தந்தார்கள். மான் சாப்பிடுவேன், மாடு இன்றுவரை இல்லை. அந்தக் குசினியில் அது எல்லாருக்கும் தெரியும். மாட்டுச் சோஸ் வைத்தால் ருசி பார்க்க இன்னொருவர் கரண்டியோடு வருவார், உப்பா புளிப்பா என்று சொல்லுவார், நான் சரிசெய்வேன்.

உங்களுக்கும் சமையற் பயிற்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த ருசி பார்க்கும் விஷயத்தை முதலிலேயே முதலாளியோடு கதைத்துவிடுங்கள், பரீட்சையிலும் இறைச்சி வரும். நல்ல கத்தி ஒன்று சொந்தமாக வாங்குங்கள், கடைக் கத்திகள் மொட்டை. திங்கட்கிழமை பொறுப்பாளரிடம் கதைத்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.