விர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவரில் மேக் முகவரியை மாற்றியதும் பிங் நின்றுவிடுகிறது. தவறு எங்கே?

லினக்ஸுக்காக நீங்களே எழுதிய டிரைவரில், ‘ஐபி லிங்க்’ கட்டளையால் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் ஆறு பைட் அடையாளத்தை) மாற்றினால் புதிய முகவரி சரியாகத் தெரிகிறது, ஆனால் அதன் பிறகு வெளியிலிருந்து பிங் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இதே இடத்தில் நான் ஒன்பது நாள்கள் சிக்கியிருந்தேன் என்பதால், தவறு எங்கே இருக்கும் என்று ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும்: முகவரி மாறியதை லினக்ஸின் மையமான கர்னலிடம் சொன்னீர்கள், கார்டிடம் சொல்லவில்லை.

அப்போது நான் இருந்த நிறுவனத்தில் ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டை நாங்களே உருவாக்கிக்கொண்டிருந்தோம். கார்டைப்போல நடிக்கும் எமுலேட்டரை ஒரு குழு எழுத, கெஸ்ட்டுக்குள் (விர்ச்சுவல் மெஷினுக்குள்) ஓடும் டிரைவர் என் பொறுப்பாக இருந்தது. முகவரியை மாற்றும் இடத்தில், ஈதர்நெட் கார்டுகளுக்காகக் கர்னலில் ஏற்கெனவே இருக்கும் பொது ஃபங்ஷனையே இணைத்துவிட்டேன். கொடுத்த ஆறு பைட்டும் செல்லுபடியாகும் முகவரிதானா என்று அது சரிபார்க்கும். சரியென்றால் கர்னலின் நினைவகத்தில் எழுதிவிடும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. கார்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

எங்களை அலையவிட்டது அறிகுறிதான். பக்கத்து மெஷினிலிருந்து பிங் கொடுத்தால் பதில் இல்லை. ஆனால் அந்த மெஷினின் ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியலில்) என் புதிய முகவரி சரியாகப் பதிவாகியிருக்கும். சந்தேகப்பட்டு, வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பைக் கெஸ்ட்டுக்குள் ஓடவிட்டால், அந்த நொடியே பிங் ஓடத் தொடங்கும். கண்ட்ரோல்-சி அழுத்தி அதை நிறுத்தினால் பிங்கும் நின்றுவிடும். இதை நான்கு பேர் சுற்றி நின்று பார்த்தோம். டைமிங் பிரச்சினை என்றும் இன்டரப்ட் தொலைகிறது என்றும் ஆளுக்கு ஒன்று சொன்னோம்.

நடந்தது மிக எளிமையானது. ‘இந்த ஐபி யாருடையது’ என்னும் ஏஆர்பி கேள்வி, எல்லோருக்குமான பிராட்காஸ்ட்டாக வருவதால் கார்டு அதை எப்போதும் உள்ளே விடும்; கர்னல் தன் புதிய முகவரியுடன் அதற்குப் பதில் அனுப்பும். அடுத்து வரும் பிங் பாக்கெட், புதிய முகவரிக்கென்றே குறித்து வருகிறது. கார்டிடம் இருப்பதோ பழைய முகவரி. ஆகவே தனக்கில்லாதது என்று அது வாசலிலேயே கைவிட்டுவிடுகிறது. டிசிபிடம்ப் ஓடும்போது கார்டு புரோமிஸ்கியுவஸ் நிலைக்குப் போவதால் வடிகட்டல் நின்று, எல்லாப் பாக்கெட்டும் உள்ளே வந்துவிடுகின்றன. அதனால், நீங்கள் சோதிக்கும்போது டிசிபிடம்புக்குச் சிறிய ‘-பி’ ஆப்ஷனைக் கொடுங்கள். அது கார்டைப் புரோமிஸ்கியுவஸ் நிலைக்குக் கொண்டுபோகாது. உண்மை நிலவரம் தெரியும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் புதிய முகவரியைச் சரிபார்க்க வேண்டும்; பிறகு கார்டிடம் சொல்லி, அது ஏற்றுக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்; அதன் பிறகே கர்னலின் பிரதியை மாற்ற வேண்டும். கர்னலில் இதற்கென்றே ‘தயார் செய்’, ‘உறுதி செய்’ என்று இரண்டு ஃபங்ஷன்கள் தனித்தனியாக இருக்கின்றன. கார்டுக்கான கட்டளை அவற்றின் நடுவில் வர வேண்டும். கார்டு மறுத்தால் பிழையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், கர்னலில் பழைய முகவரியே இருக்கட்டும். நான் முதலில் இதைத் தலைகீழாக எழுதி, கட்டளை தோற்றபோது மறுபடி அதே குழப்பத்தில் விழுந்தேன்.

விர்ச்சுவல் கார்டுகளுக்கென லினக்ஸில் இருக்கும் விர்ட்டியோ-நெட் டிரைவரைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. அதன் பழைய ஏற்பாட்டில், முகவரியைக் கார்டின் கான்ஃபிக் பகுதியில் பைட் பைட்டாக எழுதினார்கள். மூன்றாம் பைட்டை எழுதி முடித்த நேரத்தில் ஒரு பாக்கெட் வந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஒரு முகவரியுடன் அது ஒப்பிடப்படும். அதனால்தான் ஆறு பைட்டையும் ஒரே கட்டளையாகக் கன்ட்ரோல் கியூ (கார்டுக்கான கட்டளை வரிசை) வழியே அனுப்பும் வசதி 23-ஆம் ஃபீச்சர் பிட்டாக (கார்டு தரும் வசதியைக் காட்டும் குறியாக) வந்தது.

தொடக்க முகவரியிலும் இதே கவனம் வேண்டும். விர்ட்டியோவில் 5-ஆம் பிட் இருந்தால் கார்டே முகவரி தருகிறது என்று பொருள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மட்டும் ரேண்டமாக ஒன்றை உருவாக்கி, கார்டு அந்தக் கட்டளையை ஏற்கும் என்றால் அதனிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குக் கர்னலின் ஃபங்ஷனையே அழையுங்கள்: முதல் பைட்டின் கடைசி பிட்டை அணைத்து மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கான முகவரி) ஆகாமல் காக்கும், அதற்கு அடுத்த பிட்டை ஏற்றி, உள்ளூரில் கொடுத்த முகவரி என்று குறிக்கும். முகவரி ரேண்டமாக வந்தது என்பதையும் பதிவு செய்துவிடும். கர்னலுக்கு வெளியிலிருந்து முகவரியின் வகையைப் பார்த்தால் 0 நிரந்தரம், 1 ரேண்டம், 3 கையால் வைத்தது.

கெஸ்ட் தன் முகவரியை மாற்றவே விடக்கூடாது, அது பாதுகாப்புக்குக் கேடு என்று யாராவது இங்கே சொல்லக்கூடும். கெஸ்ட்டை ஓட்டும் மெஷினான ஹோஸ்ட் மறுப்பதற்கு முழு உரிமை உண்டு. ஒரே கார்டைப் பல விர்ச்சுவல் ஃபங்ஷன்களாகப் பிரித்துக் கெஸ்ட்டுகளுக்குத் தரும் எஸ்ஆர்-ஐஓவி கார்டுகள் பலவற்றில், ஹோஸ்ட் முகவரியைக் குறித்துவிட்டு, அந்த விர்ச்சுவல் ஃபங்ஷனுக்கு ‘டிரஸ்ட்’ தராவிட்டால் கெஸ்ட்டின் கோரிக்கை நிராகரிக்கப்படும். ஆனால் அந்த மறுப்பு கெஸ்ட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எங்கள் விஷயத்தில் எமுலேட்டர் குழுவின் ஆவணத்தில் ‘முகவரியை மாற்றலாம்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. எப்படி மாற்றுவது, தோற்றால் என்ன வரும் என்பது எங்குமே இல்லை. நான் பதிவு செய்த பிழையை டிரைவர் பிரச்சினை என்று எழுதி இரண்டு முறை மூடினார்கள். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆறு பைட் விஷயம்தானே என்று அந்தப் பகுதியை யாரும் ரிவியூ செய்யாமல் விட்டது இன்னும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கியூஎமு எமுலேட்டரைக் கையால் ஓட்டுகிறீர்கள் என்றால், முகவரி கொடுக்காத ஒவ்வொரு கெஸ்ட்டின் முதல் கார்டுக்கும் 52:54:00:12:34:56 என்றே வரும். ஒரே பிரிட்ஜில் (கெஸ்ட்டுகளை இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்சில்) இரண்டு கெஸ்ட் இருந்தால், டிரைவர் சரியாக இருந்தாலும் பிங் விட்டுவிட்டுத்தான் வரும். உங்கள் நிரலில் முகவரியை மெம்காப்பி (நினைவகத்தில் நகலெடுக்கும் ஃபங்ஷன்) கொண்டு நேரடியாக எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள், 5.17 கர்னலிலிருந்து அந்த இடம் ‘கான்ஸ்ட்’ (நேரடியாக எழுதக்கூடாதது) ஆகிவிட்டது, அதற்கென உள்ள ஃபங்ஷன் வழியாகவே எழுத வேண்டும்.