தக்காளி விலை ஏறினால் என்ன செய்வது? காய்கறிக் கேள்வி பதில்

பாலக்கோட்டில் மண்டிக் கணக்கு எழுதிவிட்டு, அப்புறம் தர்மபுரியில் காய்கறிக் கடை வைத்தவன் நான். காய் விலை பற்றி நீங்கள் கேட்டவற்றில் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, பாலக்கோடும் ராயக்கோட்டையும் பக்கத்திலேயே இருக்கு. தக்காளி விளையிற ஊர்லயே இந்த விலைன்னா எப்படி? (நல்லம்பள்ளி)

விளைவது இங்கே, விலை முடிவாவது வெளியூரில். மண்டியில் ஏலம் எடுப்பவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் வண்டி ஏற்றுகிறவர்கள். கர்நாடகத்துக் கோலாரிலும் ஆந்திராவின் மதனப்பள்ளியிலும் வரத்து குறைந்தால் அங்கே வாங்குகிறவர்களும் நம் பக்கம் வந்துவிடுவார்கள். 2023 ஜூலையில் அப்படித்தான் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசே பண்ணை பசுமைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது.

ஆனால் இந்த விலை நிற்காது. நாற்று நட்டு அறுபது, எழுபது நாளில் பறிப்பு தொடங்கிவிடும். விலை ஏறியதும் ஆளாளுக்குத் தக்காளியே நடுவார்கள். மூன்று மாதத்தில் மண்டி நிரம்பி, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதையும் நாம்தான் பார்க்கிறோம். அதனால் ஏறுகிற நேரத்தில் பயந்துபோய் ஐந்து கிலோ வாங்கி வைக்காதீர்கள். இறங்கும்போது வாங்கித் தொக்கு போடுங்கள்.

இன்னொன்று, தூரத்து வண்டிக்குக் கெட்டியான செங்காயாகத்தான் ஏற்றுவார்கள். நன்றாகப் பழுத்ததும் லேசாக வெடித்ததும் உள்ளூரிலேயே நின்றுவிடும், விலையும் குறைவு. அன்றைக்கே ரசம் வைக்கிறவருக்கு அதைவிட நல்ல தக்காளி வேண்டாம். நம் ஆட்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைப் பொறுக்குகிறார்கள்!

ஓசூரில் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். செயலியில் வாங்குவதா, உழவர் சந்தைக்குப் போவதா?

ஓசூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர் உழவர் சந்தை பெரிய சந்தை. பாகலூர், பேரிகைப் பக்கத்துக் கோஸும் காலிஃபிளவரும் குடைமிளகாயும் உங்களுக்குப் பக்கத்து வயலில் விளைகின்றன. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோதே, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மண்டிக் கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். உழவன் செயலியிலும் சந்தை விலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

செயலியில் முதல் தடவை வரும் தள்ளுபடியை நம்பி மாத பட்ஜெட் போடாதீர்கள். மழை நாளுக்கு அது வசதி, அவ்வளவுதான்.

சந்தைக்கு எந்த நேரம் போனால் மலிவு?

காலையில் போனால் நல்ல காய், சந்தை கலையும்போது போனால் மலிவுக் காய். வாரச்சந்தையில் பொழுது சாய்ந்ததும் மிச்சத்தைக் கூறு கட்டிவிடுவார்கள். கத்தரி, வெண்டை, அவரை போன்றவற்றைக் கூறாக வாங்கலாம். அடியில் இருப்பதைக் கையால் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கீரையை மட்டும் அந்த நேரத்தில் தொடாதீர்கள், பாதி குப்பைக்குத்தான் போகும்.

எடை குறைவதாகச் சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? (ஊத்தங்கரை)

பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தராசில் வைத்தால் தெரிந்துவிடும். கவரின் எடை சில கிராம் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது. தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். புகார் என்றால் தொழிலாளர் துறையிடம் போக வேண்டும்.

தக்காளி இல்லாமல் தினமும் என்ன குழம்பு வைப்பது அண்ணா? பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. (பென்னாகரம்)

நம் மாவட்டத்துச் சமையலில் தக்காளி இல்லாத குழம்புதான் அதிகம், தங்கச்சி. கேழ்வரகுக் களிக்குக் கீரைக் கடைசல் போதும். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம், கொள்ளைக் கடைந்தால் இன்னொரு வேளைக்கு ஆச்சு. மார்கழி, தையில் பச்சை அவரைக்கொட்டை வந்துவிட்டால் அதற்குத் தேங்காயும் புளியும் இருந்தால் போதும்.

புளி விஷயத்தில் ஒரு யோசனை. நம் பக்கம் மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலம். அப்போதே வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிட்டால் தக்காளி எந்த விலைக்குப் போனாலும் குழம்பு நிற்காது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2023 மே முதல் நம் மாவட்டத்தில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகும் தருகிறார்கள். அதை வாங்காமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான்.

வாங்கியது நாலு நாளில் அழுகிவிடுகிறதே?

அழுகுவதும் செலவுதான், பல வீட்டில் விலையேற்றத்தைவிடப் பெரிய செலவு. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு சீக்கிரம் முளைவிடும். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைக்க வேண்டும். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரோடு காகிதத்தில் சுற்றி டப்பாவில் போடுங்கள். இஞ்சியை ஈர மணலில் புதைத்தால் பிரிட்ஜே வேண்டாம்.

உழவர் சந்தையில் பேரம் பேசலாமா?

பலகை விலைக்குக் கீழே கேட்காதீர்கள். விற்பவர் விடிவதற்குள் பறித்துப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கறிவேப்பிலை கொசுறு கேளுங்கள், அதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். பேரமெல்லாம் எங்களைப் போன்ற கடைக்காரரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது? (அரூர்)

மழையிலும் பனியிலும் பூ கொட்டிவிடும், காய் பிடிக்காது. அப்போது குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வருவதைத்தான் விற்கிறோம், லாரி வாடகையும் அதில் சேர்ந்துவிடும். அந்த இரண்டு மாதம் முருங்கைக் கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் நானே கூப்பிட்டுக் கொடுப்பேன்.