கேள்வி பதில்: முகாமின் பின்கட்டில்

போன இதழில், நம் தென்னாப்பிரிக்காவின் நடுவே இருக்கிற மலைநாடான லெசோத்தோவில் நடக்கும் வாலிபர் முகாமில் சமையல் வேலை செய்ததைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஜூலைக் குளிர்கால விடுமுறை நெருங்குகிறது, பல சபைகளில் இப்போதுதான் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. சபையில் ஆராதனைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மேடையில் வாசிக்கலாம் என்று நினைத்துத்தான் லெசோத்தோ முகாமுக்குப் பெயர் கொடுத்தேன். பட்டியல் வந்தது, பார்த்தால் என் பெயருக்கு நேராக 'சமையலறை, தண்ணீர், கழிப்பறை' என்று இருக்கிறது. பாத்திரம் தேய்க்க பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போகணுமா?
(ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முதல் தடவை எனக்கும் இதே வேலைதான் கொடுத்தார்கள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வெங்காயம் நறுக்கினேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் டர்பன் பக்கத்தில் ஒரு கல்யாணம் என்றால் முதல் நாள் ராத்திரி என்ன நடக்கும்? தெருவே வந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கும், மாமாக்கள் வெளியே விறகு மூட்டி பிரியாணி அண்டாவை ஏற்றுவார்கள், விடிய விடியப் பேச்சும் வேலையுமாக இருக்கும். அங்கே உட்கார்ந்தவர்கள் யாரும் தங்களைக் கல்யாணத்துக்கு வெளியே இருப்பவர்களாக நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் மறுநாள் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அந்த வீட்டுக்காரர்களை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முகாமிலும் அப்படித்தான். ஒரு வருடம் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் பிள்ளை, 15, 16 வயது இருக்கும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றாள். குவளையை நீட்டி வெந்நீர் கேட்டாள், கொடுத்தேன். குடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். மறுநாளும் அதே நேரம் வந்தாள். மூன்றாம் நாள் நான் ஒன்றும் கேட்காமல் ஒரு கத்தியையும் கொஞ்சம் காரட்டையும் அவள் பக்கம் தள்ளினேன். அரை மூட்டை சீவி முடித்த பிறகுதான், அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில், அம்மா ஜோகனஸ்பர்க்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார், கிறிஸ்துமஸுக்கு வருவார், போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, போனும் இல்லை என்று சொன்னாள். முதல் நாள் கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடி அம்மாவுக்காக நன்றி சொல்லுங்கள் என்றார்களாம், அப்போது எழுந்து வந்தவள்தான், மறுபடி உள்ளே போகவில்லை. மேடையில் நின்றவர்களுக்கு 120 பேரில் ஒருத்தி குறைவது எப்படித் தெரியும்? அவர்கள் மேல் தப்பில்லை, அங்கிருந்து பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நான் பின்வாசலில் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்ததால். அந்த ஊர் சபையைச் சேர்ந்த ஒரு அம்மாவிடம் சொன்னேன், அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தது, முகாம் முடிந்த பிறகும் அவர்தான் அவளைப் போய்ப் பார்த்து வந்தார்.

கூட்டத்தில் உட்கார முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். அவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது தண்ணீர்த் தொட்டி பக்கமும் சமையலறை பக்கமும்தான். அங்கே யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம், தம்பி. கோபத்தோடு நிற்கிற ஒருவரிடம் அந்தப் பிள்ளை குவளையை நீட்டாது. அதனால் இதையெல்லாம் கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் இப்போதே பாஸ்டரிடம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பினால் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது பாட்டு இல்லாவிட்டால் கை ஓடாது.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. முகாமில் உதவியாளராகப் போகணும் என்கிறாள். வேறு நாடு, ஜூலைக் குளிர், எனக்குப் பயமாக இருக்கிறது. என்னென்ன விசாரிக்க வேண்டும்?
(ஒரு தாய், லெனேசியா)

பதில்: பயப்படுவது சரிதான் அம்மா, விசாரியுங்கள். கேள்வி கேட்கிற பெற்றோரைப் பார்த்து முகம் சுளிக்கிற முகாமுக்கு அனுப்பவே வேண்டாம்.

முதலில் காகிதம். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு லெசோத்தோவில் விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் கட்டாயம். 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும், நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லையில் பஸ் முழுவதும் உங்கள் மகளுக்காகக் காத்திருக்கும்.

அடுத்தது ஆட்கள். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் இருக்கும். அதில் ஒருவர் பெயர் இல்லை என்று உறுதி செய்ய ஃபார்ம் 30 என்ற விண்ணப்பம் உண்டு. பேச்சாளருக்கும் குழுத் தலைவருக்கும் மட்டும் இதைச் செய்துவிட்டு, சமைக்கிறவரையும் பஸ் ஓட்டுகிறவரையும் ஜெனரேட்டர் பார்க்கிறவரையும் விட்டுவிடுகிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது, இது பெரிய தவறு. பிள்ளைகள் தனியாக வந்து நிற்கிற இடம் பின்கட்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே காரணத்தால்தான் அங்கே நிற்கிறவரை இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும். உங்கள் மகள் வேறு பெரியவர் ஒருவரோடு மூடிய அறையில் தனியாக வேலை செய்யும்படி எந்த முறையும் வரக்கூடாது என்று நேரடியாகவே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, இதுதான் எனக்கு அதிகக் கவலை, குளிர். லெசோத்தோ முழுவதுமே 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிற நாடு, மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர். ஜூலையில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், காலையில் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். அந்தக் குளிரில் யாராவது ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், வெளியே எரிந்த இம்பவுலாவை, அதாவது தகரக் கரி அடுப்பை, தூக்கிப் பிள்ளைகள் படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார். கரி அடுப்பிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை மாதிரி கண்ணையும் கரிக்காது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கனல் மட்டும்தானே இருக்கிறது, தீ இல்லையே என்பார்கள், கனல்தான் ஆபத்து. நான் போகிற முகாம்களில் ராத்திரி கடைசி வேலை எல்லா இம்பவுலாவையும் எண்ணிப் பார்த்து வெளியே வைத்துவிட்டுப் படுப்பது. உங்கள் மகளுக்கு நல்ல ஸ்லீப்பிங் பேக், இரண்டு ஜோடிக் கம்பளி காலுறை, வெந்நீர்ப் பை கொடுத்தனுப்புங்கள், இந்த ஒரு விஷயத்தையும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: போன வருடம் எங்கள் குழு அங்கே பருப்பு வேகவைத்தது, மூன்று மணி நேரம் ஆகியும் கல்லாக இருந்தது. பருப்பு பழசா, தண்ணீர் சரியில்லையா? 120 பேருக்கு என்ன அளவு போடுவீர்கள்?
(சமையல் குழுத் தலைவி, சாட்ஸ்வொர்த்)

பதில்: பழைய பருப்பாகவும் இருக்கலாம், ஆனால் முக்கியக் காரணம் உயரம். டர்பனில் கடலோரம் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு தீ போட்டாலும் சூடு ஏறாது, கேஸ்தான் வீணாகும். ராத்திரியே ஊறப்போடுங்கள், பெரிய பிரஷர் குக்கர் இரண்டு கொண்டுபோங்கள். சிவப்பு பீன்ஸ் என்றால் இன்னும் கவனம், அது அரைவேக்காடாக இருந்தால் வாந்தி எடுக்கும்.

அளவு: ஒரு வேளைக்கு அரிசி 12 கிலோ, பருப்பு 4 கிலோ. குளிரில் வாலிபப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுவார்கள், இதைக் குறைக்காதீர்கள். ஆனால் தினமும் சோறு வேண்டாம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் 'பாப்பா' என்கிற சோளமாவுக் களியும் 'மொரோஹோ' என்கிற கீரையும் இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். தண்ணீர் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், அதாவது 1,800 லிட்டர். ஜோகனஸ்பர்க் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு நாடுகளும் 1986இல் போட்ட தண்ணீர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, இதே லெசோத்தோ மலைகளிலிருந்துதான் வருகிறது. அதே மலையில் வாளி தூக்கி நடக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் இது ஞாபகம் வரும்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் இருந்த ஒரு முகாமில் மிச்சச் சோற்றை மூடி, குளிர்தானே என்று அடுப்புப் பக்கத்திலேயே ராத்திரி வைத்துவிட்டோம். காலையில் தாளித்துக் கொடுத்தோம். மதியத்துக்குள் 30 பேருக்கு மேல் வாந்தி. வெளியே குளிர், ஆனால் அந்த அண்டாவின் நடுவில் ராத்திரி முழுவதும் வெதுவெதுப்பு இருந்திருக்கிறது. சோற்றில் வளர்கிற கிருமி விடுகிற நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது என்று அன்றைக்குத்தான் ஒரு நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து மிச்சச் சோற்றை வைப்பதே இல்லை. வயிறு சரியில்லாத யாரையும், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை, சமையலறைப் பக்கம் விடுவதும் இல்லை, பாஸ்டரே ஆனாலும்.

கேள்வி: இத்தனை பேர் பஸ்ஸில் போகிற செலவை அப்படியே அந்த ஊர் சபைக்கு அனுப்பினால் அவர்களே நன்றாகச் சமைத்துக்கொள்வார்களே?
(ஒரு வாசகர், மெரபேங்க்)

பதில்: சில நேரம் ஆமாம், அனுப்பிவிடுவதுதான் சரி. அந்த ஊர் சபை கூப்பிடவில்லை, நமக்குப் போக ஆசை, அவ்வளவுதான் என்றால் போகாதீர்கள். நாம் ஏதோ அவர்களுக்கு இயேசுவைக் கொண்டுபோகிறோம் என்ற எண்ணமும் வேண்டாம். மொஷூஷூ ராஜா கூப்பிட்டு பாரிஸ் மிஷன்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தது 1833இல். நம் முன்னோர்கள் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கியது 1860இல். 27 வருடம் மூத்த சபை அது.

கூப்பிட்டுப் போனால், அங்குள்ள அம்மாமார் சொல்கிறபடி வேலை செய்ய வேண்டும். அடுப்பு அவர்களுடையது. கூலிக்குச் சமைக்கிறவர் ஒருவர் அங்கே இருந்தால், நாம் இலவசமாகப் போய் அவர் கூலியைக் கெடுக்கக்கூடாது, அவருக்குக் கொடுத்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி, மாவு, கறி எல்லாம் அங்கேயே வாங்குங்கள், எல்லை தாண்டி மூட்டை தூக்க வேண்டாம். நம் ராண்ட் அங்கே செல்லும், ஆனால் சில்லறையாகக் கிடைக்கிற அந்த நாட்டுப் பணமான மலோட்டி இங்கே செல்லாது, திரும்புமுன் செலவழித்துவிடுங்கள்.

கேள்வி: முகாம் முடிந்து வந்ததும் சபையில் பாடினவர்கள், பேசினவர்கள் எல்லாரையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சமையலறையில் இருந்த ஆறு பேரையும் கூப்பிடவில்லை. கேட்டால் பெருமைக்கு அலைகிற மாதிரி ஆகுமோ?
(பெயர் வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஆகாது. கேளுங்கள். தாவீதோடு 600 பேர் புறப்பட்டு, 200 பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் சாமான்களோடு தங்கிவிட்ட கதை 1 சாமுவேல் 30இல் இருக்கிறது. திரும்பி வந்தவர்களில் சிலர் இவர்களுக்குப் பங்கு கிடையாது என்றார்கள். தாவீது ஒப்புக்கொள்ளவில்லை. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'ரஸ்து' என்று ஒரு வார்த்தை வரும், மூட்டை முடிச்சு, தளவாடம், அதுதான். அந்த ரஸ்துப் பக்கம் இருந்தவர்களுக்கும் யுத்தத்துக்குப் போனவர்களுக்கும் சம பங்கு என்று அன்றே கட்டளையாக்கினார். பாஸ்டரிடம் இந்த அதிகாரத்தைக் காட்டியே கேட்கலாம். உங்களுக்காக மட்டும் இல்லை. சபையில் உட்கார்ந்திருக்கிற, மேடை ஏறத் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் அடுத்த வருடம் பெயர் கொடுப்பது நீங்கள் பேசுவதைக் கேட்டால்தான். ஆனால் முகாமில் ஒரு பிள்ளை உங்களிடம் அழுது சொன்னதை அங்கே சொல்லாதீர்கள். எத்தனை மூட்டை உரித்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அதைச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: அந்த ஊர் மொழியான செசோத்தோ ஒரு வார்த்தை கூடத் தெரியாது. சமாளிக்கலாமா?
(ஒரு வாசகி, டோங்காட்)

பதில்: சமாளிக்கலாம். வயதில் பெரிய பெண்ணை 'எம்மே' என்றும் ஆணை 'ந்தாத்தே' என்றும் கூப்பிடுங்கள், நாம் அம்மா, ஐயா என்கிற மாதிரி. 'துமேலா' வணக்கம். 'கேயா லெபோஹா' நன்றி. 'மெட்சி ஆ செசாங்' என்றால் வெந்நீர், இதை முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள், குவளையோடு வந்து நிற்பார்கள்.