ஒரு புள்ளி வை

அன்புள்ள ஐயா,

உங்கள் மாடித்தோட்டக் கட்டுரைகள் வழியாக உங்களைப் படிக்கத் தொடங்கியவன் நான். இந்தக் கடிதம் தோட்டம் பற்றியதல்ல.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் போனில் சதுரங்கம் ஆடுவேன். அதில் பழக்கமான தம்பி ஒருவன் இருக்கிறான். ‘பனங்காடு’ என்று பெயர் வைத்திருப்பான். ஏரல் பக்கம் என்று ஒருமுறை சொன்னான். நாலு வருடமாகத் தினமும் ஏதாவது ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்துக்கு நடுவே அவன் அப்பாவின் கண் ஆபரேஷன், என் மகளின் பிளஸ் டூ மார்க் என்று எல்லாம் பேசுவோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குதிரையை நகர்த்திவிட்டு, ‘மழை விடவே மாட்டேங்குது அண்ணே’ என்று எழுதினான். நான் பதிலுக்கு யானையை நகர்த்தினேன். அதோடு சரி. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் என்று வைத்திருந்தோம். திங்கள் ராத்திரி அவன் நேரம் முடிந்துபோய், ‘நீங்கள் வென்றீர்கள்’ என்று திரையில் வந்தது. டிவியில் ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் வெள்ளம் சூழ்ந்திருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கூப்பிட என்னிடம் நம்பர் இல்லை. உண்மையான பெயர்கூடத் தெரியாது. ‘தம்பி, நல்லா இருக்கியா’ என்று முப்பது தடவைக்கு மேல் அனுப்பியிருப்பேன். வெள்ளிக்கிழமைதான், ‘கரன்ட் இப்பத்தான் வந்துச்சு அண்ணே, எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று பதில் வந்தது.

அந்த வாரம் என் மனைவி கேட்டாள், ‘பேரு கூடத் தெரியாத ஆளுக்காகவா சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?’ பதில் சொல்லத் தெரியவில்லை. ஐப்பசி வந்தாலே அந்தக் கேள்வி ஞாபகம் வருகிறது. நான் அனுப்பிய முப்பது செய்தியால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? தூரத்தில் இருக்கும் என் மாதிரி ஆள் வேறு என்னதான் செய்ய முடியும்?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்.

*

அன்புள்ள நண்பருக்கு,

‘நீங்கள் வென்றீர்கள்’ என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மறுபடி எடுத்துப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் அந்த ஐந்து நாள் மௌனத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குள் இன்னும் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஞாயிறு காலையிலிருந்து திங்கள் காலைக்குள், ஒரே நாளில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்கும் கீழே, கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது ஏரல். மேலே பெய்தது, பக்கத்துக் குளங்கள் உடைந்து வந்தது, எல்லாம் சேர்ந்து அந்த ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதற்கு டீசல் வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும். சாலையே இல்லாத ஊரில் உங்கள் தம்பியின் போன் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அது வெறும் டார்ச் லைட்தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த 800 பேரின் வீட்டிலும் யாரோ உங்களைப் போலவே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் தம்பி பதில் சொல்லாததில் உங்கள் நட்பின் குறை எதுவும் இல்லை.

நானும் ஒருமுறை அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவனாக.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அப்போது சென்னை ஜாபர்கான்பேட்டையில் முதல் மாடியில் குடியிருந்தேன். அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். ஏரிக்குக் கீழே அடையாற்றங்கரையில் பெய்த மழையும் அதோடு சேர்ந்துகொண்டது. ராத்திரி கரன்ட் போனது. விடிவதற்குள் கீழ் வீடு மூழ்கிவிட்டது. 1878இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளிதழ் மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. அச்சகத்துக்கு ஆட்களால் போய்ச் சேர முடியவில்லை. நகரம் எந்த நிலைமையில் இருந்தது என்பதற்கு அது ஒன்றே போதும்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வடக்கு மூலையில் நின்றால் மட்டும் சிக்னல் ஒரு கோடு காட்டும். காலையில் அங்கே போய் நின்றதும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் எங்கள் விதைக் குழுக்காரர்கள். முகநூலில் தொடங்கி வாட்ஸப்புக்கு வந்த குழு அது. நாற்பது பேர் இருப்போம். அவரை, புடலை, கொத்தவரை என்று நாட்டு விதைகளைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். முக்கால்வாசிப் பேரை நேரில் பார்த்ததில்லை. ‘சேஃபா?’, ‘எங்க இருக்கீங்க?’, ‘பதில் போடுங்க ப்ளீஸ்’, கூடவே கூப்பிய கை, மழைப் படம், யாரோ அனுப்பிய பழைய வீடியோ. ஒவ்வொன்றாகத் திறந்து ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். 19 சதவீதம் இருந்த பேட்டரி 11 ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேட்டரி போகிறதே என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை பேர் கேட்கிறார்களே என்பது இன்னொரு பக்கம்.

அப்போது மதுரையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. விதைகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் வேலையைக் குழுவில் ஒரு அக்காதான் செய்துவந்தார். அவர் எழுதியிருந்தார்: ‘தம்பி, யாருக்கும் பதில் போடாத. நெட்டை ஆஃப் பண்ணு. காலைல எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் எனக்கு ஒரு எஸ்எம்எஸ். எழுத வேணாம், ஒரு புள்ளி வை போதும். மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்.’

குறுஞ்செய்திக்கு இணையம் வேண்டாம். வாங்குபவருக்கு டவர் கிடைக்காவிட்டால் அது போன் கம்பெனியிடம் காத்திருந்து, அவருக்குச் சிக்னல் வரும்போது போய்ச் சேரும். அதெல்லாம் தெரிந்து அக்கா சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. மூன்று நாளில் ஆறு புள்ளி வைத்தேன். போன் கடைசிவரை அணையவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. நீங்கள் விசாரித்தது சரி. கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஆனால் வெள்ளத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்வதும் ஒரு செலவு. முப்பது பேர் தனித்தனியாகக் கேட்டால் அவர் முப்பது தடவை செலவழிக்க வேண்டும். கேட்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குழு நல்லதாக இருந்தால் இது பத்து நிமிட வேலை.

அக்கா அதோடு விடவில்லை. குழுவில் சென்னைக்காரர்கள் 14 பேர். வியாழக்கிழமை ராத்திரிக்குள் 11 பேரிடமிருந்து புள்ளி வந்துவிட்டது. மீதி மூன்று பேரைத்தான் அவர் தேடினார். அந்தச் சமயத்தில் ஃபேஸ்புக்கும் சென்னைக்காரர்களுக்கு ‘பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று தெரிவிக்க ஒரு வசதியைத் திறந்துவிட்டிருந்தது. நல்ல வசதிதான், பலர் வீட்டில் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்த முடிகிறவரைப் பற்றி நாம் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அழுத்தாமல் இருப்பவர் யார் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். அக்கா எண்ணினார்.

மூன்றில் இரண்டு பேரை உறவினர்கள் மூலமாகக் கண்டுபிடித்துவிட்டார். மிஞ்சியவர் குழுவில் ‘கொத்தவரை’ என்று பெயர் வைத்திருந்த ஒரு சார். அவர் சைதாப்பேட்டையில் எங்கே இருக்கிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. விதை அனுப்பும் கவரில் எழுதுவதற்காக வாங்கிய முகவரிகளையும், கூடவே வீட்டார் ஒருவருடைய நம்பரையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்ததும் நான் நடந்தே போனேன். முழங்கால் அளவு சேறு. தெரு ஓரமெல்லாம் ஊறிப்போன மெத்தைகள். மஞ்சள் பெயின்ட் அடித்த வீட்டுச் சுவரில், என் தலைக்கு மேலே, தண்ணீர் நின்ற கோடு நேராகத் தெரிந்தது. ஆற்றை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் அவருடைய தரைத்தள வீடு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மேலே மேலே ஏறிப் போனேன். மொட்டை மாடியில் ஒரு பெரியவர் பாயை விரித்து, நனைந்த விதைகளை ரகம் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். வானத்தில் வெயிலே இல்லை.

‘நீங்க யாரு தம்பி?’ என்றார்.

‘அவரைப்பந்தல்’ என்றேன். அவருக்கு என் பெயர் அதுதான்.

எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. ‘உங்க அவரைதான் தம்பி பின்னாடி ஏறி பூ விட்டிருந்துச்சு. போயிருச்சு’ என்றார். தனியாக இருப்பவர் அவர். இரண்டாவது மாடிக் குடும்பம் அவரை ராத்திரியே மேலே ஏற்றிவிட்டது. போன் தண்ணீரோடு போயிருந்தது. அடுத்தவர் போனை வாங்கிப் பேசலாமே என்றால், மகனுடைய நம்பர் உட்பட ஒரு நம்பரும் அவருக்கு மனப்பாடம் இல்லை. எல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தது. அக்காவிடம் நான் சொல்ல, அக்கா நோட்டைப் பார்த்து மகனைக் கூப்பிட்டார்.

இப்போது உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டது தப்பே இல்லை. பெயர் தெரியாதவருக்காகக் கவலைப்படலாமா என்று நீங்கள் அதைப் புரிந்துகொண்டீர்கள். நாலு வருடப் பழக்கம், அப்பாவின் கண் ஆபரேஷன் வரைக்கும் தெரியும், ஏன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் அதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு நீங்கள் இன்றைக்கே வேலை செய்ய முடியும்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இணையத்தில் பலர் வேண்டுமென்றேதான் பெயரை மறைக்கிறார்கள், முக்கியமாகப் பெண்கள். அவர்கள் பட்ட அனுபவம் அப்படி. வெள்ளத்தைக் காட்டி முகவரியைப் பிடுங்குவது அநியாயம். குழுவில் பொதுவாகப் போடச் சொல்லவும் கூடாது. எங்கள் குழுவில் எல்லாரும் நம்பிய ஒரே ஆளிடம், ஒரே நோட்டில், காகிதத்தில் இருந்தது. முகவரி தர விருப்பமில்லாத இரண்டு பேர் தங்கள் அக்கம்பக்கத்தில் ஒருவருடைய நம்பரை மட்டும் கொடுத்திருந்தார்கள். அதுவே போதும்.

தூரத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நிறையச் செய்யலாம். வெள்ளத்துக்குள் இருப்பவருக்கு ஊர் நிலவரம் தெரியாது. உங்களிடம் கரன்ட் இருக்கிறது, டிவி இருக்கிறது. எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று சுருக்கமாக, நேரம் போட்டு அனுப்புங்கள். நேரம் போடுவது முக்கியம். 2015இல் ‘படகு தயார்’ என்ற செய்தி, படகு வேறு இடத்துக்குப் போன பிறகும் இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு புரளி வேறு. பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டி வந்தது. நிச்சயமாகத் தெரியாததை அனுப்பாமல் இருப்பதும் உதவிதான்.

உதவிக்கு அழைக்க வேண்டி வந்தால் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. திருப்பூரிலிருந்து வெறும் 1077 போட்டால் திருப்பூருக்குத்தான் போகும். தூத்துக்குடி வேண்டுமென்றால் 0461 சேர்த்துப் போடுங்கள். எந்தத் தெரு, எத்தனை பேர், எந்த மாடி, வயதானவர்கள், கைக்குழந்தைகள் உண்டா என்று கேட்பார்கள். ‘ஏரல் பக்கம், பனங்காடு’ என்று அங்கே சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அதனால்தான் பெயர் விஷயத்தில் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தம்பியிடம் இன்றைக்கே கேளுங்கள். ஊர், தெரு, பக்கத்து வீட்டு நம்பர். உங்களுடையதையும் கொடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு நம்பரை எழுதி, பாலிதீன் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் அப்பாவிடமும் ஒன்று இருக்கட்டும்.

எங்கள் அக்கா இப்போதும் அந்த நோட்டைத்தான் வைத்திருக்கிறார். நாற்பது பக்கம் போதாமல் பின்னட்டையிலும் எழுதியிருக்கிறார். நேற்றுக் காலையில் குழுவில் அவருடைய செய்தி: ‘மழை ஆரம்பிக்கப் போகுது. யார் யார் வீடு மாறியிருக்கீங்க?’

நான் போன மாசிதான் மாறினேன். தெருப் பெயர், கதவு எண், இரண்டாவது மாடி, கீழ் வீட்டுக்காரர் நம்பர் எல்லாம் அவருக்குத் தனியாக எழுதி அனுப்பினேன். ‘எழுதிக்கிட்டேன் தம்பி’ என்று பதில் வந்தது.

அன்புடன்.