கேமரா மூலை: மூடியில் விளக்கு இருக்கிறதா?

கேள்வி: ஐயா, என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். படம் எடுப்பதில் பைத்தியம். அவர் காலமான பிறகு அலமாரியைத் திறந்தால் 420 ஸ்லைடு (அட்டைச் சட்டம் போட்ட பிலிம் படம்), 60 ரோல் நெகட்டிவ். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. கையில் 800 மலேசிய வெள்ளி இருக்கிறது. கடையில் '22 மெகாபிக்சல்' என்று போட்ட ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, ஒரு படத்துக்கு மூன்றே விநாடி என்றார்கள். வாங்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம்மா. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு மலிவான கேமரா, எதிரே ஒரு விளக்கு, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் ஸ்லைடை ஒரு படம் எடுக்கும். அதனால்தான் மூன்று விநாடி. நானும் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில், நல்ல வெயிலில் எடுத்த காவடிப் படம். ஸ்லைடில் காவடி எடுத்தவர் வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றாகத் தெரியும். பெட்டி கொடுத்த படத்தில் வேட்டி வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஓரத்தில் பால்குடத்தோடு நின்ற அக்காவுக்குக் குடம் பாதி, தோள் பாதி. இந்தப் பெட்டிகளில் பல, படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

உங்களுக்கு வேண்டியது, மூடியிலும் விளக்கு உள்ள தட்டை ஸ்கேனர். சாதாரண ஸ்கேனர் காகிதத்தின் மேல் வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கிறது. பிலிமுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் பிரிண்டரோடு வந்த ஸ்கேனரில் ஸ்லைடை வைத்தால் கறுப்புச் சதுரம்தான் வரும்.

பலரும் வைத்திருப்பது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600. ஒரு தடவையில் 4 ஸ்லைடு, அல்லது 12 நெகட்டிவ் படம் வைக்கலாம். புதிதாக வாங்கினால் உங்கள் 800 வெள்ளி போதாது. பழையது தேடுங்கள். வேலை முடிந்ததும் நீங்களும் விற்றுவிடலாம், பாதிப் பணமாவது திரும்பி வரும். பிளஸ்டெக் 8100 என்று ஒன்று இருக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிமுக்கென்றே செய்தது, வி600-ஐவிடக் கூர்மை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் கையால் தள்ள வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு தடவை தள்ளுகிற பொறுமை உங்களுக்கு இருந்தால் சரி, எனக்கு இல்லை.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வி600-இல் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கும். உண்மையில் அது பிரித்துக் காட்டும் நுணுக்கம் ஏறத்தாழ 1600தான். அதுவும் மோசமில்லை. 36 மில்லிமீட்டர் அகலப் படத்தில் 1600 என்றால் சுமார் 2270 புள்ளி. ஏழுக்கு ஐந்து அங்குலத்தில் அச்சுப் போட்டுச் சட்டம் மாட்டலாம். நான் 2400-இல் வைத்துக்கொள்வேன். 6400-இல் வைத்தால் ஒரு படமே 160 மெகாபைட்டைத் தாண்டும், தெளிவு மட்டும் கூடாது.

பழையது வாங்கப் போகும்போது ஒரு துண்டு நெகட்டிவ் கையில் கொண்டுபோங்கள். முதலில் பிலிம் வைக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தொலைந்த மெஷின் காகித ஸ்கேனர்தான். அப்புறம் அங்கேயே ஒரு படம் ஸ்கேன் செய்து, நீளவாக்கில் கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

இதில் ஒரு கதை. கோலாலம்பூரில் ஒருவர் 'பிலிம் விளக்கு செத்துவிட்டது' என்று எழுதி, அடிமாட்டு விலைக்கு ஒரு ஸ்கேனர் போட்டிருந்தார். காகிதத்துக்காவது ஆகும் என்று வாங்கி வந்தேன். வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் பலகை. காகிதம் ஸ்கேன் செய்யும்போது மட்டும் இருக்க வேண்டிய பலகை அது. பிலிமுக்கு அதைக் கழற்ற வேண்டும். கழற்றினேன், பின்னால் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. மேலே ஐம்பது வெள்ளி அனுப்பிவைத்தேன்.

தூசி நீக்கும் வசதியைப் பற்றி ஒன்று. வி600 அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும். வண்ண நெகட்டிவுக்கு அருமை. கறுப்பு வெள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் படமே வெள்ளித் துகள்தான்; மெஷின் அதையும் அழுக்கென்று நினைத்து முகங்களை மெழுகிவிடும். அப்பாவின் ஸ்லைடு அட்டையில் கோடாக்ரோம் (அது ஒரு வகை ஸ்லைடு பிலிம்) என்று இருந்தாலும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஸ்லைடை எந்தப் பக்கம் வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், படத்தில் இருக்கும் கடைப் பலகை நேராகப் படிக்க வர வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த பளபளப்பான பக்கம் ஸ்கேனர் கண்ணாடியைப் பார்க்கும்படி வையுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடுக்கு 105 தடவை. ரோலுக்கு 36 என்று வைத்தால் நெகட்டிவுக்கு 180 தடவை. துடைத்து, வைத்து, காத்திருந்து எடுக்க என் வேகத்தில் ஒரு தடவைக்கு அரை மணி. இரவுக்கு ஒன்று என்றால் ஒன்பது மாதத்துக்கு மேல். ஆகவே முதலில் ஒரு லைட் பேட் (ஒளிரும் பலகை) வாங்கி, நெகட்டிவ்களைப் பரப்பிப் பொறுக்குங்கள். அறுபது ரோலில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா எத்தனை இருக்கும்! 1985-இல் பினாங்குப் பாலம் திறப்பதற்கு முன் ஃபெரிக்குக் காத்து நின்ற கார் வரிசை ஒன்று கிடைத்தாலும், அது கேக் வெட்டும் படம் பத்துக்கு மேல்.

கேள்வி: சில ஸ்லைடுகளில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. தண்ணீரில் கழுவலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கழுவவே கழுவாதீர்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு ஸ்டுடியோ இருட்டறையில் நான் பையனாக இருந்தபோது, கெட்டிக்காரத்தனமாக ஈரப்பஞ்சால் ஒரு கல்யாண ஸ்லைடைத் துடைத்தேன். மணப்பெண்ணின் கூறைப்புடவைச் சிவப்பு அப்படியே பஞ்சில் வந்துவிட்டது. பூஞ்சை பிலிமின் ஜெலட்டினைத் தின்று இளக்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் கரைந்து வரும். தண்ணீர் கலக்காத பிலிம் கிளீனரைத் தொட்டு, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் துடையுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: தகர டின்னில் இருந்த பழைய நெகட்டிவ்களில் புளிக்காடி (வினிகர்) வாடை அடிக்கிறது. அதைச் சாதாரணமாக விட்டுவிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: விடாதீர்கள். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் செய்த பிலிம் சிதையத் தொடங்கினால் அந்த வாடை வரும். வெளிவரும் அமிலம் மூடிய டின்னுக்குள் தேங்கி, சிதைவை இன்னும் விரட்டும். டின்னிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள். மற்ற நெகட்டிவ்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். சுருங்கி வளைந்துவிட்டால் சட்டத்தில் உட்காராது.