முதல் கப்பல் பயணம்: நீங்கள் கேட்டவை

நானும் என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். டெல்டா முழுக்க இருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள். ‘இதெல்லாம் நமக்கா?’ என்ற தயக்கம் எல்லாக் கடிதத்திலும் தெரிகிறது. நமக்குத்தான் என்பது என் கட்சி. முட்டி வலியோடு பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி இறங்குகிறவர்களுக்கு, பெட்டியை ஒரே தடவை பிரித்து வைத்துவிட்டு ஊர் ஊராகப் பார்க்கிற வசதி வேறு எதில் கிடைக்கும்?

கப்பல் ரொம்ப ஆடுமா? திருவாரூர் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு பஸ்ஸில் வாந்தி வந்துவிடும்.
*வாசகி, கூத்தாநல்லூர்*

எனக்கும் பஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் விசாரித்ததே இதைத்தான். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. பெரிய அலை உள்ளே வர வழி குறைவு. போதாததற்குக் கப்பலின் அடியில் இரு பக்கமும் தகடுகள் நீட்டிக்கொண்டு ஆட்டத்தை அடக்குகின்றன. பினாங்கு வரை டம்ளரில் காபி தளும்பவே இல்லை. அதைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழைந்த இரவில்தான் அலமாரியில் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

நாம் நகர்கிறோம் என்று காதுக்குள் இருக்கும் உறுப்பு சொல்லும். அறையைப் பார்க்கிற கண், இல்லை என்று சொல்லும். அந்தக் குழப்பம்தான் குமட்டல். ஆகவே அறைக்குள் சுருண்டு படுக்காதீர்கள். மேல்தளத்துக்குப் போய்க் கடலும் வானமும் சேருகிற கோட்டையே பாருங்கள். வெறும் வயிறு கூடாது. இஞ்சி மொரப்பா எனக்கு நன்றாகக் கேட்டது. மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலை சுற்ற ஆரம்பிக்கும் முன்னே போட்டால்தான் பலன். அறை பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். முன்முனையும் மேல்தளமும்தான் அதிகம் ஆடும்.

பால்கனி அறை எடுக்கவேண்டுமா, உள்ளறை போதுமா?
*வாசகர், மயிலாடுதுறை*

தூங்க மட்டும் என்றால் உள்ளறை போதும், விலையும் குறைவு. ஆனால் அதில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. கடல் பார்க்கத்தானே போகிறோம்? இரண்டு புடவைக் காசு மிச்சம் பிடித்தாவது ஜன்னல் உள்ள அறையாக எடுங்கள் என்பேன்.

நாங்கள் சுத்த சைவம். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?
*வாசகி, கும்பகோணம்*

வீட்டில் சமைத்ததைப் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் சுடவைக்கிற சாதனம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். தீ ஆபத்து என்று வாங்கி வைத்துவிடுவார்கள். டிக்கெட் போடும்போதே சைவம் என்று பதிந்துவிடுங்கள். கப்பலுக்குள் இந்தியச் சாப்பாட்டுக்குத் தனிப் பகுதி இருந்தது. சோறு, பருப்பு, தயிருக்குக் குறைவில்லை. மற்ற பகுதிகளில் காய்கறி மட்டும் என்று தெரிவதிலும் மீன் சாறு கலந்திருக்கலாம், கேட்டுவிட்டே தட்டில் போடுங்கள். சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுங்கள். கப்பலில் பரவுகிற, வாந்தி பேதி கொண்டுவரும் நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் திரவத்தைவிட சோப்பும் தண்ணீருமே மேல்.

சோறு பரிமாறிய பையன் சட்டையில் பேருக்குக் கீழே ‘இந்தியா’ என்று இருந்தது. “எந்த ஊர்ப்பா?” என்றேன். “பட்டுக்கோட்டைப் பக்கம்மா” என்றான். மறுநாளிலிருந்து எனக்கென்று அப்பளம் எடுத்து வைத்துவிட்டான். ஏறினால் ஒப்பந்தம் முடிகிற வரைக்கும், மாதக்கணக்கில், ஞாயிறு என்று தனியாக லீவு கிடையாதாம். தங்கைக்குக் கல்யாணம் முடித்தது இந்தச் சம்பளத்தில்தான் என்று சொல்லும்போது அவன் முகத்தில் அத்தனை பெருமை! கப்பலில் ஏறினால் தட்டெடுக்கிற, அறை பெருக்குகிற பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள். இதை உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன்.

கப்பல் மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்று என் மனைவி பயப்படுகிறார்.
*வாசகர், பாபநாசம்*

1912-ல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்துத்தான் 1914-ல் கடல் பயணப் பாதுகாப்புக்கு உலக நாடுகள் சேர்ந்து விதி வகுத்தன. உயிர்காப்புப் படகில் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்பது அப்போது வந்தது. இப்போது புறப்படும்போதே பயிற்சி வைக்கிறார்கள்: ஏழு குறுகிய சங்கொலி, ஒரு நீண்ட சங்கொலி கேட்டால் எங்கே போய் நிற்கவேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்டவேண்டும் என்று. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். உங்கள் மனைவியை முன்வரிசையில் நிற்க வையுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

டிக்கெட்டுக்கு மேல் என்ன செலவு? விசா?
*வாசகர், சீர்காழி*

வைஃபை, குளிர்பானம், மது, கரையில் சுற்றிக்காட்டும் பஸ், தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம். எல்லாம் அறைச் சாவி அட்டையிலேயே ஏறும், அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், கடல் ரோமிங் கட்டணம் தாங்காது. சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி நுழைவதால் பலமுறை நுழையும் விசா அவசியம். எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. மகன்தான் விசாவைப் பார்த்து உறுதி செய்தான்.

கரையில் இறங்கினால் கப்பலை விட்டுவிடுவோமோ?
*வாசகி, திருத்துறைப்பூண்டி*

கடிகாரத்தில் கவனம் இருந்தால் விடமாட்டீர்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. எங்கள் கப்பலில் கடைசிவரை சிங்கப்பூர் நேரம்தான், ஆனால் புக்கெட்டில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். நாலு மணிக்குத் திரும்பு என்றால் போனில் அப்போது மூன்றுதான். என் வீட்டுக்காரர் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அதை மட்டுமே பார்த்தார். பினாங்கில் வண்டியே வேண்டாம். துறைமுகத்திலிருந்து நடந்தே 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கும், சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பேரில் உள்ள தர்காவுக்கும் போய்விடலாம்.

என் வாப்பா ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். நீங்கள் போனதும் அதே கடல்தானே?
*வாசகர், நாகூர்*

அதே கடல்தான் ஐயா. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வழியும் ஏறக்குறைய அதேதான். 1926-லிருந்து 1973 வரை ஓடிய ரஜூலாவில் என் தாத்தாவும் போனார், பேராக்கில் ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுத. நாகையில் கப்பல் கரையை ஒட்டாது. தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் அறை. புக்கெட்டில் எங்கள் கப்பலும் நங்கூரம் போட்டுத் தள்ளி நின்றது. சிறு படகுக்குள் கால் வைக்கும்போது, தகர டிரங்குப் பெட்டியோடு அவர் எப்படி ஏறினாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

‘போகப் போக வடமீன் இறங்கிடும்’ என்பார் அவர். துருவ நட்சத்திரத்தைச் சொல்கிறார். நாகையில் அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 11 டிகிரியில் நிற்கும், பினாங்கில் 5, சிங்கப்பூரில் 1 டிகிரிதான், கண்ணுக்கே படாது. திரும்புகிற இரவில் விளக்கு குறைவான பின்தளத்தில் நின்று தேடினேன், கிடைக்கவில்லை. ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அவர்கள் ஒவ்வொரு இரவும் வானத்திலேயே பார்த்திருக்கிறார்கள்.

பினாங்கை விட்டு வடக்கே திரும்பியதும் வலப்பக்கம் தெரிகிறதே 1,217 மீட்டர் ஜெராய் மலை, அதன் அடிவாரம்தான் கடாரம். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை வந்த கரை. ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 தீ விபத்தோடு நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பினாங்குக்கும் ஒன்று விடவேண்டும். விட்டால் முதல் டிக்கெட் என்னுடையது.

எந்த மாதம் போகலாம்? நான் விவசாயி.
*வாசகர், ஒரத்தநாடு*

சம்பா அறுப்பு முடிந்த பிறகு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தமான் கடல் அடங்கியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. படகு இறக்க முடியாவிட்டால் புக்கெட்டையே விட்டுவிட்டுப் போகக் கேப்டனுக்கு உரிமை உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் உங்களுக்கும் குறுவை வேலை வந்துவிடும். சீனப் புத்தாண்டு சமயத்தில் கூட்டமும் விலையும் ஏறும், நம் முழுப் பரீட்சை லீவிலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே, மாசிக் கடைசியில் தேதி பாருங்கள். உளுந்து பறிப்புக்குள் திரும்பிவிடலாம்.