நாத்திகர் எடுத்த ஏசு படம்

கேள்வி: இத்தாலியின் பசோலினி கவிஞரா, சினிமா இயக்குநரா? கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஏசு படம் எடுத்தாராமே?

பதில்: முதலில் கவிஞர்தான். 1922-ல் பொலோன்யாவில் பிறந்தவர், 1942-ல் வந்த முதல் தொகுப்பையே அம்மாவின் ஊர்ப்பக்கம் பேசுகிற ஃப்ரியூலிய மொழியில் எழுதினார். 1950-ல் ரோமுக்கு வந்து, புறநகர்ச் சேரிப் பையன்களோடு பழகி, அவர்களை வைத்து நாவல் எழுதி, அப்புறம்தான் சினிமா. முதல் படம் ‘அக்காத்தோனே’, 1961.

ஏசு படமான ‘மத்தேயுவின்படி நற்செய்தி’ 1964-ல் வந்தது. ஆள் மார்க்சியவாதி, நாத்திகர், ஆனால் வசனத்தை மத்தேயு நற்செய்தியிலிருந்தே எடுத்துக்கொண்டார், படத்தை மறைந்த போப் 23-ம் யோவானுக்குக் காணிக்கையாக்கினார். (நம்பிக்கையுள்ளவர்கள் எடுத்த பல ஏசு படங்களைவிட இதில் பக்தி அதிகம் என்பேன்.) ஏசுவாக நடித்தவர் நடிகரே அல்ல, ஸ்பெயின் நாட்டு மாணவர். படம்பிடித்த இடம், எருசலேமுக்குப் பதில் தென் இத்தாலியின் மாத்தேரா நகரம். சிலுவையடியில் துடித்து அழும் வயதான மரியாள் இருக்கிறாரே, அவர் பசோலினியின் பெற்ற தாய் சுசன்னா. போர்க்காலத்தில் இளைய மகனைப் பறிகொடுத்தவர் அவர், அது தெரிந்து பார்த்தால் அந்த அழுகை நடிப்பாகவே தோன்றாது. மூத்த மகன் பசோலினியும் 1975 நவம்பரில் ரோமை அடுத்த ஓஸ்தியாவில் கொலையானார்.

சரி, எதில் தொடங்கலாம்? இந்தப் படத்தில்தான். கடைசிப் படமான ‘சலோ’ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், அதற்குக் கல்நெஞ்சு வேண்டும்.